ஒரே பந்தியில்

உடன்பிறந்தார் இருவர் மனத்தாங்கல் கொண்டு, ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவரையொருவர் முகம் பாராது உண்டு எழும் காட்சியைக் காணாத குடும்பம் நம்மிடையே அரிது. அவர்களை மீண்டும் ஒரு பந்தியில் அமர்த்துவது எத்துணைக் கடினம் என்பதைப் பெற்றோர் அறிவர். நியூசிலாந்து நாட்டில் ஒரு குழுவுக்கு அப்பணியைச் செய்து காட்டினார் ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர்.

அவர் பெயர் பிரயன் லாகோர். மாஸ்டர்ட்டன் என்னும் ஊரில் 1940இல் பிறந்தவர். ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, அணிக்குப் பதினைந்துபேராய் மோதி விளையாடும் முரட்டு ஆட்டம். நியூசிலாந்து மக்களுக்கு அது உயிர். கருப்பு உடை அணிந்த அந்நாட்டு அணியை 'ஆல் பிளாக்ஸ்' என்று உலகம் அழைக்கிறது. 1966இல் லாகோர் அதன் தலைவரானார். தலைமை ஏற்ற 18 டெஸ்ட் ஆட்டங்களில் 15இல் வென்றார். அக்காலத்தில் இவ்வாட்டத்திற்கு ஊதியம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஆடுகளிடம் திரும்பியாக வேண்டும். அவர் ஓய்வு பெற்றபின், 1971இல் அணிக்கு அவசரமாய் ஆள் தேவைப்பட்டது. மனைவியார் வீட்டில் இல்லாமையால், டெஸ்ட் ஆட வெலிங்டன் செல்வதாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டாராம்!

1985இல் அவர் தேசிய அணியின் பயிற்சியாளரானார். சோதனையும் உடன் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி நடந்தது. அந்நாட்டோடு விளையாடலாமா என்ற கேள்வி நியூசிலாந்தில் குடும்பங்களையே இரண்டாக்கியிருந்தது. லாகோரும் இதில் புறத்தே நின்றவர் அல்லர். 1970இல் அணித் தலைவராய் அந்நாட்டுக்குச் சென்றவர்தாம். அப்பயணத்தில் மாவோரி இன வீரர்களை 'கௌரவ வெள்ளையர்' என்று பெயரிட்டே அவ்வரசு உள்ளே விட்டது. மனிதரை இதனினும் இழிவுபடுத்தும் மரியாதை ஒன்று உண்டோ?

1985ஆம் ஆண்டுப் பயணத்தை நீதிமன்றம் தடுத்தது. எனினும் மறு ஆண்டில், அதிகாரபூர்வ இசைவின்றியே, நாட்டின் முன்னணி வீரர்கள் 'கவலியர்ஸ்' என்ற பெயரில் தென்னாப்பிரிக்கா சென்றனர். அழைப்பை மறுத்தோர் இருவரே: மருத்துவம் பயின்ற டேவிட் கர்க்கும், ஜான் கர்வனும். சென்று திரும்பியோர்க்கு இரண்டு டெஸ்ட் ஆட்டங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. லாகோர் என் செய்வார்? கர்க்கைத் தலைவராக்கி, பெரும்பாலும் புதுமுகங்களைக் கொண்ட அணியைக் களத்தில் இறக்கினார். 'குழந்தை அணி' என்று பெயர் பெற்ற அவர்கள், 1986 ஜூனில் பிரான்சை 18-9 என்று வென்றனர். ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றனர்.

தடை நீங்கி மூத்தவர்கள் திரும்பினர். இனிதான் உண்மையான சிக்கல். சென்றவரும் மறுத்தவரும், இடம் இழந்தவரும் இடம் பெற்றவரும் ஒரே அணியில்! மக்களிடமும் அணியின் நற்பெயர் பெரிதும் குலைந்திருந்தது. முதலாவது உலகக் கோப்பை 1987இல் வந்தபோது, கவலியர்ஸ் தலைவராயிருந்த ஆண்டி டால்ட்டனே அணித் தலைவராக அறிவிக்கப்பட்டார். அவர் பயிற்சியில் காயமுற, பொறுப்பு மீண்டும் கர்க்கிடம் வந்தது.

போட்டியின் நடுவே லாகோர் செய்த ஒன்றை அந்நாட்டு ரக்பி அன்பர்கள் இன்றும் மறக்கவில்லை. வீரர்களை ஓட்டலில் வைக்காமல், தம் சொந்த வைரராப்பா பகுதியிலுள்ள பிரினோவா என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்று, விவசாயக் குடும்பங்களின் இல்லங்களில் தங்கவைத்தார். நாடு போற்றிய வீரர்கள் அங்கே அக்குடும்பத்தார் இட்ட உணவை அவர்களோடு அமர்ந்து உண்டனர். பிறர் வீட்டு மேசையில் அமர்ந்து கொண்டு எவ்வளவு நேரந்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வது! மக்களுக்கும், தம்மைவிட்டு விலகிப் போனதாய் நினைத்த அணி மீண்டும் தம் வாயிற்படி ஏறி வந்தது. பேச்சாளர் எவரையும் அழைத்து ஒற்றுமையைப் பற்றிச் சொற்பொழிவு நடத்தவில்லை லாகோர். பண்ணைக்காரரின் புத்தி அவ்வாறு செல்லவில்லை.

அதன்பின் ஸ்காட்லாந்தை 30-3 என்றும், வேல்சை 49-6 என்றும் வென்று, 1987 ஜூன் 20 அன்று ஆக்லாந்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் பிரான்சை 29-9 என்று வீழ்த்தினர். கோப்பையைப் பெற்ற கர்க், அதைத் தனியே உயர்த்த மனம் கொள்ளவில்லை. போட்டியில் ஓர் ஆட்டமும் ஆட இயலாதுபோன டால்ட்டனைத் தம் அருகில் அழைத்தார். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றவரும் செல்ல மறுத்தவரும் சேர்ந்தே கோப்பையைத் தூக்கினர்.

லாகோர் அத்துடன் பயிற்சியாளர் பதவியை விட்டு விலகினார். 1999இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 2019 ஆகஸ்டில் தமது 78ஆம் வயதில் மறைந்தார்.