தாத்தா கம்ப்யூட்டரும் 50 கேபி போட்டோவும்!

போன வாரம் எருமப்பட்டியில எங்க வீட்டுல ஒரே டென்ஷன். அக்காவோட போட்டித் தேர்வு விண்ணப்பத்துக்கு அன்னிக்குத்தான் கடைசி நாள். போட்டோ ஜேபிஜியா, 50 கேபிக்குள்ள இருக்கணும். போன்ல எடுத்ததோ 3 எம்பி! வீட்டுல இருக்கிறதோ எக்ஸ்பி ஓடுற தாத்தா கம்ப்யூட்டர்.

கைகொடுத்தது இர்ஃபான்வியூ. போஸ்னியாக்காரரான இர்ஃபான் ஸ்கில்யான் 1996-ல் வெளியிட்டது. சில எம்பிதான், சட்டுனு திறக்குது. 'ரீசைஸ்' போய் அகலத்தைக் குறைச்சு, வேற பேர்ல சேமிக்கும்போது குவாலிட்டியையும் கொஞ்சம் இறக்கினேன். 42 கேபி!

இதுக்குப் போட்டி, 1998-ல் பிரான்சிலிருந்து வந்த எக்ஸ்என்வியூ. இதோட பலம் ஃபோல்டர் ஃபோல்டரா படங்களை அலசுறது. கல்ச்சுரல்ஸ் போட்டோ 300 இருந்தா இதுதான் பெஸ்ட். மொத்தமா மாத்துற வசதி ரெண்டுலயும் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு ரெண்டுமே இலவசம்.

ரெண்டு எச்சரிக்கை. ஹெச்இஐசி படங்களோட எக்ஸ்பியில மல்லுக்கட்டாதீங்க. போன் கேமரா செட்டிங்லயே ஜேபிஜிக்கு மாத்திடுங்க. எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014-லயே நின்னுபோச்சு. அதனால நெட் கனெக்‌ஷன் வேண்டாம். கேபிள் வழியா போனுக்கு மாத்தி அங்கிருந்து அனுப்புங்க.

அக்கா அப்ளை பண்ணியாச்சு. தாத்தாவை எடைக்குப் போடுற பிளான் கேன்சல்!