ஏழு நாள் முகாமும் பாதியில் நிற்கும் வீடும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் என்றால் மாணவர்கள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துத் தங்குவார்கள். காலையில் சீமைக்கருவேலம் வெட்டுவார்கள், மரக்கன்று நடுவார்கள், மாலையில் கலைநிகழ்ச்சி. காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. இரண்டாண்டில் ஒருவர் 240 மணி நேரம் உழைக்க வேண்டும்.

அந்த உழைப்பில் ஒரு பங்கு பாதியில் நிற்கும் வீடுகளுக்குப் போகட்டும்.

தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் வீட்டுத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. அதற்காகக் கொத்தனார் கூலியும் சித்தாள் கூலியும் குறைந்துவிடாது. கூலிக்குப் பணம் தீர்ந்தால் வேலை நின்றுவிடும்.

சுவர் எழுப்புவது கொத்தனாரின் கைவேலை, அதில் மாணவர்கள் தலையிட வேண்டாம். செங்கல் எடுத்துக் கொடுக்கலாம், மணல் சலிக்கலாம். எல்லாவற்றையும்விட, தளத்துக்குத் தண்ணீர் கட்டலாம். கான்கிரீட் போட்டபின் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயக்கூடாது. பாத்தி கட்டி நீரை நிறுத்த வேண்டும். காட்டு வேலைக்குப் போகிறவருக்கு அதற்கு நேரம் ஏது? ஈரம் காய்ந்தால் தளம் வெடிக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது. முகாமும் ஏழு நாள்தான்!

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களே, அடுத்த முகாமுக்கு ஊர் பார்க்கும்போது, பாதியில் நிற்கும் வீடுகளின் விவரத்தை ஊராட்சியில் கேளுங்கள். தனியாக வாழும் முதியவர் வீட்டை முதலில் எடுங்கள்.