ஒருவழிக் கண்ணாடி

கொழும்பில் எந்தத் தேர்தல் மேடைக்குச் சென்றாலும் தவறாமல் காதில் விழும் சொல் 'வெளிப்படைத்தன்மை'. செய்தியாளனாக இச்சொல்லை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எழுதிய ஒவ்வொரு முறையும், இவர்கள் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று கேட்கத் தவறியிருக்கிறேன். அந்தத் தவறுக்கான கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் 'ட்ரான்ஸ்பேரன்ஸி' என்பது ஒரே சொல்தான். துறைக்குத் துறை அதன் பொருள் மாறுகிறது. பள்ளியில் பௌதிகம் படித்தபோது பொருள்களை ஊடுகாட்டுபவை, ஒளிகசிபவை, ஒளிபுகாதவை என மூன்றாகப் பிரித்தோம். கண்ணாடி முதல் வகை, எண்ணெய்த்தாள் இரண்டாம் வகை, செங்கல் மூன்றாம் வகை. கணினித் துறையினரோ இச்சொல்லை ஏறக்குறைய நேரெதிராகப் பயன்படுத்துகிறார்கள். பயனாளர் சற்றும் உணராதவாறு பின்னணியில் இயங்கும் ஏற்பாடுதான் அவர்களுக்கு 'ட்ரான்ஸ்பேரன்ட்'. நம் ஆட்சியாளர்கள் மேடையில் சொல்வது பௌதிகப் பொருளில். அலுவலகத்தில் செய்வது கணினிப் பொருளில்.

தொண்ணூறுகளில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையிலும், பின்னர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக ஓர் ஒழுங்கையிலும் குடியிருந்தவன் நான். அந்நாள்களில் வீட்டுக் கதவின் பின்புறம் நாட்காட்டி தொங்குகிறதோ இல்லையோ, பொலிஸ் பதிவின் பிரதி தொங்கும். வீட்டிலுள்ளோர் விபரத்தைப் பொலிஸார் கோரலாம் என்பது 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு. வெள்ளையர் எழுதிய அந்தப் பழைய விதி, போர்க்காலத்தில் எங்களுக்கென்றே தூசு தட்டி எடுக்கப்பட்டது. பெயர், பிறந்த ஊர், அடையாள அட்டை இலக்கம், வந்த நாள் எல்லாம் எழுதியபின் ஒரு கேள்வி எஞ்சியிருக்கும்: கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம் என்ன? பத்திரிகையாளர் அட்டையை நீட்டிய பிறகும் அக்கேள்விக்கு நான் விடை சொல்லியே ஆகவேண்டியிருந்தது. நாங்கள் அரசுக்கு முற்றிலும் ஊடுகாட்டும் மனிதர்களாக இருந்தோம்.

அந்தக் கேள்வியின் உச்சத்தை 2007 ஜூன் 7 அன்று அதிகாலையில் கண்டோம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தார்களாம்! மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். ஆனால் 'காரணம் சொல்' என்ற கேள்வி எங்கள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆகவேதான் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை முதன்முதலாக வாசித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தகவல் கேட்கும் பிரஜை அதற்குக் காரணம் கூறத் தேவையில்லை என்கிறது அச்சட்டம். எழுத இயலாதவர் வாய்மொழியாகவே கேட்கலாம். அதனை எழுதிக்கொள்வது அதிகாரியின் கடமை. முதன்முறையாகக் கேள்வியின் திசை மாறியது.

மாறியதா? சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3 அன்று. பதினேழு நாள் கழித்து, பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்தனர். அவர்கள் கேட்டது பணமன்று, பதவியன்று. பிடித்தவர்களின், சரணடைந்தவர்களின் பெயர்ப்பட்டியல். அவ்வாண்டு ஜூனில் அவர்களைச் சந்தித்த அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பட்டியலை வெளியிடப் பணிப்பதாக வாக்களித்தார். வாக்கு வந்தது, பட்டியல் வரவில்லை. என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அன்று அத்தனை கருத்தாக எழுதிவைத்த அரசிடம், தன் கைக்கு வந்தவர்களின் பெயர்கள் மட்டும் இல்லையென்றால் யார் நம்புவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்பது இதுதான்.

தேசியப் பாதுகாப்பு என்பார்கள். சட்டத்தின் 5 ஆம் பிரிவு அதற்கு விலக்களிப்பது மெய்யே. ஆனால் வெளியிடுவதிலுள்ள பொதுநலன் மேலோங்குமிடத்து அவ்விலக்குச் செல்லாதென்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. படை நகர்வை மறைக்கலாம். ஒரு தாயின் மகனை எப்படி மறைக்கலாம்?

இவ்வளவும் அரசுக்கு. நமக்கும் ஒரு வார்த்தை உண்டு. கோவில் தர்மகர்த்தா சபைகள், பழைய மாணவர் சங்கங்கள், கட்சிகள், தாயகத்தின் பெயரால் வெளிநாடுகளில் நிதி சேர்த்த அமைப்புகள் — இவற்றுள் எத்தனை தம் வரவுசெலவை உறுப்பினர் முன் விரித்து வைத்தன? கணக்குக் கேட்டவனை "நம்பிக்கை இல்லையா?" என்று மடக்கினோம், மேலும் கேட்டால் துரோகி என்றோம். 'காரணம் சொல்' என்று பொலிஸ் கேட்டதற்கும் இதற்கும் என்ன பெரிய வேற்றுமை?

உள்ளங்கை நெல்லிக்கனி என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கனி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. கை விரிய வேண்டும். விரிக்க மறுக்கும் எவரும், அவர் அமைச்சராயினும் நம் சங்கத் தலைவராயினும், அடுத்த முறை 'வெளிப்படைத்தன்மை' என்று தொடங்கினால், எந்தத் துறையின் பொருளில் ஐயா சொல்கிறீர்கள் என்று எழுந்து கேளுங்கள். கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.