மறதி அவர் குற்றமன்று

வெலிங்டனில் 1947 முதல் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இயங்கி வருகிறது. குன்னூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பல உள்ளன. 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையிலும், 1999இல் கார்கிலிலும் பணியாற்றிய தலைமுறை இன்று முதுமையை நெருங்கியுள்ளது. "அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார், சொன்னது மனத்தில் பதிவதில்லை, சிறு ஓசைக்கும் சீறுகிறார்" என்று இத்தகைய இல்லங்களில் கேட்கும் குறைகளுக்கு, முதுமை, குடி, பிடிவாதம் எனக் குடும்பத்தாரே காரணம் கற்பித்துவிடுகின்றனர். அம்முடிவு தவறாக இருக்கலாம் என்பதே என் கருத்து.

கண்ணிவெடியோ எறிகணையோ அருகில் வெடிக்கும்போது, அதன் அழுத்த அலை வெளிக்காயம் ஏதுமின்றியே மூளையைத் தாக்கக்கூடும். இலேசான மூளைக்காயம் சி.டி. ஸ்கேனில் புலப்படாமலும் போகலாம். கவனம் சிதறுவதும், ஒரு வேலையை வரிசைப்படுத்திச் செய்ய இயலாமையும் அதனால் நேரும். போரின் பேரதிர்ச்சியால் வரும் மனஉளைச்சலும் இதே அறிகுறிகளைக் காட்டும். எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்திருக்கும் மனத்திற்கு மளிகைப் பட்டியலைக் கவனிக்க இடம் மிஞ்சுவதில்லை. கொடுங்கனவுகள் உறக்கத்தைக் கெடுக்க, நினைவாற்றலும் குன்றுகிறது. இவ்விரு நிலைகளும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதுண்டு.

முதல் உலகப்போரில் இவ்வாறு துன்புற்ற வீரர்கள் பலர் கோழைகள் எனத் தூற்றப்பட்டனர். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இம்மனஉளைச்சலைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அன்று உலகம் செய்த பிழையை இன்று நாம் வீட்டிற்குள் செய்யலாகாது.

மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கேட்காவிடினும், நோயாளி எங்கெங்கே பணியாற்றினார், வெடிவிபத்தில் சிக்கினாரா, தலையில் அடிபட்டு நினைவிழந்தாரா என்பவற்றைக் கூறுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சியாயினும் மறைக்க வேண்டா. தைராய்டு குறைபாடு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருத்துவர் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு செய்தியை மட்டும் கூறுங்கள். மருந்துக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். சாவிக்கு ஓரிடம் குறியுங்கள். தீபாவளிக்கோ, கூடலூர்ப் பக்கம் யானை விரட்டவோ பட்டாசு வெடிக்கப்போவது தெரிந்தால், அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். உறங்குபவரைத் தொட்டு உலுக்காமல், சற்று விலகி நின்று பெயர்சொல்லி எழுப்புங்கள்.

ஓய்வூதியம் பெறும் படைவீரர்களும் அவர்களைச் சார்ந்தோரும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் சேர்ந்து சிகிச்சை பெறலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. நோயாளியைப் பேணிக் களைத்துப்போன நீங்களும் அதனை அழைக்கலாம். "ஏன் மறந்தீர்கள்?" என்று கடிவதை விடுத்து, அவரை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.