கரி சொல்லாததைக் கல் சொல்லும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல் நினைவுக்கு வரும். ஆனால், இன்றைய தோல் தொழிற்சாலைகள் வருவதற்கு மிக முன்பே இந்த வட்டாரத்தில் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, புதிய கற்காலத் தடயங்களுடன் இரும்புக் காலத் தடயங்களும், இரும்பு உருக்கியதன் மிச்சங்களும் வெளிப்பட்டன.

இரும்பின் தொன்மை பற்றிய பேச்சு இப்போது சூடுபிடித்திருக்கிறது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இலும், சிவகளையில் கிடைத்ததற்குக் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியிலும் தமிழக அரசு அறிவித்தது. இத்தகைய ஆய்வுகளில் கரித்துண்டுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால், கரி சொல்வது மரத்தின் வயதை மட்டுமே. கிடைத்த இடத்திலேயே அது எரிந்ததா, மழைவெள்ளம் அடித்துவந்து சேர்த்ததா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை பக்கத்தில் கிடக்கும் கல்லும் மணலும்தான். அவற்றை நாம் அதிகம் கேட்பதில்லை.

கேட்பதற்கு வழி இருக்கிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் இயற்கைக் கதிர்வீச்சு, குவார்ட்ஸ் படிகத்தின் குறைகளில் இணைசேராத எலெக்ட்ரான்களைச் சிறுகச் சிறுகச் சேர்த்துவைக்கிறது. கோயில் உண்டியல் நிறைவதுபோலக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இது நடக்கிறது. கல் சில நூறு டிகிரி சூடானால் அந்த உண்டியல் காலியாகிவிடும். மறுநாளிலிருந்து மீண்டும் சேரத் தொடங்கும். கல்லைக் காந்தப்புலத்தில் வைத்து மைக்ரோ அலை செலுத்தினால், உள்ளே இருப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதுவே எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்திசைவு முறை. ரஷ்யாவின் கசான் நகரில் இயற்பியலாளர் சவோய்ஸ்கி 1944இல் கண்டறிந்தது. பழங்காலச் சிக்கிமுக்கிக் கற்கருவிகள் சூடாக்கப்பட்டவையா என்று இம்முறையால் அறியலாம் என 1978இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வுக்கட்டுரையே வந்துவிட்டது. இதே இருப்பை ஒளியாக வெளிக்கொணர்ந்து அளக்கும் ஒளிர்வு முறையில், அளக்கும்போதே இருப்பு தீர்ந்துபோகும். இதில் தீராது, அதே துணுக்கைத் திரும்பத் திரும்ப அளக்கலாம்.

இரும்பு உருக்கிய உலை மட்டுமல்ல, ஜவ்வாது மலையின் கற்திட்டைகளும் இதற்காகக் காத்திருக்கின்றன. பாறைமேல் தீ மூட்டிப் பலகை பலகையாக உரித்தெடுப்பது தென்னிந்தியக் கல் தொழிலின் பழைய வழக்கம். கற்திட்டைகளின் பலகைகள் அப்படி உரிக்கப்பட்டவையா, உளியால் பிளக்கப்பட்டவையா? மேற்பரப்புத் துணுக்கையும் உட்பகுதித் துணுக்கையும் ஒப்பிட்டால் ஒரு விடை கிடைக்கலாம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. கல் சூடானது என்று தெரிந்தால், சூடாக்கியது மனிதன் என்று ஆகிவிடாது. காட்டுத்தீயும் கல்லைச் சுடும், பின்னாளில் போட்ட செங்கல் சூளையும் சுடும். உலைச்சுவரில் ஊறிய இரும்பே தன் குறிகையால் குவார்ட்ஸின் குரலை அமுக்கிவிடும். அமிலத்தில் கழுவித் தூய்மையாக்கிய பிறகே அளக்க வேண்டும். அதே இடத்தில் தீப்படாமல் கிடந்த கல்லொன்று ஒப்பீட்டுக்கு இல்லையென்றால் முடிவே சொல்ல முடியாது.

இங்குதான் நம் பழக்கம் இடிக்கிறது. அகழ்வுக் குழியில் பானை ஓடும் மணியும் பைக்குள் போகின்றன; கருகிய கல் மண்மேட்டுக்குப் போகிறது. ஒருமுறை கொட்டிவிட்டால், அது எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

கருவிக்காக நாம் வெளிநாட்டை நம்பி இருக்கவும் வேண்டியதில்லை, சென்னை ஐ.ஐ.டி.யிலேயே இருக்கிறது. தேவை ஒரு விதிமுறைதான். அடுப்பு, உலை என எது வெளிப்பட்டாலும் சுட்ட கல் ஒன்று, சுடாத கல் ஒன்று, சுற்றியுள்ள மண் ஒரு பிடி. மூன்றையும் அடுக்குக் குறிப்போடு சேமிக்க வேண்டும். எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் முடிவை வெளியிட வேண்டும். இரும்பின் தொன்மையில் பெருமை கொள்ளும் அரசு, அடுத்த அகழாய்வுப் பருவத்திலேயே இதைக் கட்டாயமாக்கட்டும்.