பாம்புக்கும் வேண்டும் குடும்பக் கட்டுப்பாடு!



நாய், பூனை வளர்ப்பது போல, அமெரிக்காவில் பாம்பு வளர்ப்பதும் சகஜம். அங்கே இருக்கும் என் தங்கை மகளின் பையன், 'கார்ன் ஸ்நேக்' என்ற விஷமில்லாத பாம்பை வளர்க்கிறான். இப்போது அதற்கு ஜோடி வாங்கி, முட்டை பொரிக்க வைத்து, குட்டிகளை விற்கப் போகிறானாம். "சாதாரணப் பாம்புதானே பெரியம்மா, பொரிச்சா பொரிக்கட்டுமே" என்கிறாள் என் தங்கை மகள்.

பாம்பு வளர்ப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், வளர்ப்பது வேறு. வம்சத்தைப் பெருக்குவது வேறு. சாப்பாட்டுக்கு ஆளைக் கூப்பிடும் முன் அரிசிப் பானையைப் பார்க்கிறோம் இல்லையா? அந்தக் கணக்கு இதற்கும் வேண்டாமா?

கார்ன் ஸ்நேக் ஒரு ஈட்டுக்கு 10 முதல் 30 முட்டை வரை இடும். சுமார் 2 மாதத்தில் பொரியும். 15 குட்டி என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றை ஒன்று விழுங்கிவிடும் என்பதால் ஒரே பெட்டியில் விட முடியாது. 15 குட்டிக்கு 15 டப்பா, 15 தண்ணீர்க் கிண்ணம். முதல் சட்டை உரித்ததும் தீனி கேட்கும். கண் திறக்காத எலிக்குஞ்சு, வாரம் ஒன்று என்றாலும் மாதம் 60! அதை ஃப்ரீஸரில் வைத்து, வெந்நீரில் இளக்கிக் கொடுக்க வேண்டும். சில குட்டிகள் வாயைத் திறக்காமல் பட்டினியாகவே கிடக்கும்.

பையனுக்குப் பரீட்சை வந்தால் இதையெல்லாம் யார் செய்வது? அம்மாதான்! ஆசை ஒருத்தருக்கு, வேலை இன்னொருத்தருக்கு. இது எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

சரி, விற்கலாம் என்றால், சாதாரண நிறக் குட்டிக்குப் பெரிய விலை கிடையாது. வாங்குகிறவர்களுக்கும் பொறுமை வேண்டும். இந்தப் பாம்பு 20 வருஷம் வரை இருக்கும். பையன் காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமான பிறகும் அது பெட்டிக்குள் காத்திருக்கும். அபூர்வ நிறத்துக்குக் காசு வரும் என்று அதன் பின்னால் ஓடுவதும் சரியில்லை. 'பால் பைத்தான்' பாம்பில் 'ஸ்பைடர்' என்று ஒரு வகை. அழகான கோலத்துக்காகவே இனம் பெருக்கினார்கள். அந்த வகைக்குத் தலை ஆடும், நிலை தடுமாறும். நம் கண்ணுக்கு அழகு, அதற்கு ஆயுள் தண்டனை!

விலை போகாததைக் காட்டில் விட்டுவிடலாமே என்பார்கள். அது புண்ணியமில்லை. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில், வளர்ப்புப் பிராணியாக வந்த 'கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்' வெளியே போய்ப் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பல்லி இனத்தைப் பல இடங்களில் துடைத்து எடுத்துவிட்டது. அதுவும் 'சாதாரண' வீட்டுப் பாம்புதான்!

தாய்ப் பாம்பின் பாட்டையும் நினைக்க வேண்டும். முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டு, உயிரை விடுவதும் உண்டு. பிள்ளை பெற்ற நமக்கு இது புரியாதா?

என் யோசனை இதுதான். ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வையுங்கள். இன்னொன்று வேண்டுமென்றால், கைவிடப்பட்ட பாம்பு ஒன்றைத் தத்தெடுங்கள். பொரிக்க வைத்தே ஆக வேண்டும் என்றால், ஜோடி சேர்க்கும் முன்பே, குட்டிகளை வாங்கிக்கொள்ளும் வீடுகளை எழுதி வையுங்கள். யாரும் வாங்காவிட்டால், கடைசிவரை நாமே சோறு போட முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 'முடியாது' என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இது அமெரிக்கா சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள் தோழிகளே. நம் ஊர் நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு இவற்றை வீட்டில் வைத்திருப்பது, 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்புக் குட்டிகளைப் பெட்டியில் ஒளித்து, சென்னை விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் பற்றியும் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. வாங்க ஆள் இருப்பதால்தானே கடத்துகிறார்கள்?

பாம்போ, நாயோ, லவ் பேர்ட்ஸோ... பிள்ளைகள் ஜோடி கேட்டால், வாங்கித் தரும் முன் குட்டிகளுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். உயிரை உண்டாக்குவது விளையாட்டல்ல என்பதை அம்மாக்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.