எந்த ஊர் அறை?

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பருக வேண்டும் என்று படித்திருந்தேன். திருமண நாளுக்கு வாங்கிய ரோன் பாணிக் கலவையை மேசையிலேயே வைத்துவிட்டேன். ஒரு மிடறு குடித்த மனைவி, “இருமல் மருந்து மாதிரி எரியுதுங்க” என்று கிளாஸைத் தள்ளிவைத்தார். ஆசையாக வாங்கியது, மனம் சுருங்கிவிட்டது.

தவறு ஒயினில் இல்லை. அந்த ‘அறை’ ஐரோப்பியக் குளிர் அறை. நம் சிங்கப்பூர் வீட்டிலோ 30 டிகிரி. அந்தச் சூட்டில் மதுவின் காரம்தான் முந்தி நிற்கும். இதற்கு 16 முதல் 18 டிகிரி போதும்.

அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தேன். கிரெனாஷின் பழ இனிமை, சிராவின் மிளகு வாசம், மூர்வெத்ரின் துவர்ப்பு எல்லாம் துலங்கின. தெற்கு ரோனில் இவற்றைக் கலப்பதே, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பத்தான்.

இரண்டாவது கிளாஸை மனைவியே ஊற்றிக்கொண்டார்.